உப்புத்தண்ணீரில் இரண்டு வயர்

நீங்கள் வரவழைத்துக் கொடுத்த சாயா நன்றாக இருக்கிறது சார். சர்க்கரை மட்டும் ஒரு சிட்டிகை தூக்கல். மட்டாஞ்சேரியில் எல்லாக் கடையிலும் இதே கதைதான். குறைத்துப் போடு, குறைத்துப் போடு என்று சொல்லி என் வாய்தான் வலித்தது. சொன்னதைக் காதில் வாங்கும் வழக்கம் இந்த ஊரில் இல்லை. பரவாயில்லை, குடித்துவிட்டே சொல்கிறேன்.

பெயர் ஆறுச்சாமி. வயது நாற்பத்திரண்டு. அப்பா பொள்ளாச்சிப் பக்கமிருந்து கொச்சிக்கு முனிசிபாலிட்டி வேலைக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்தவன். உலகச் சண்டைக் காலத்தில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டிங் கற்றுக்கொண்டேன். பதினாலு வருஷமாக மட்டாஞ்சேரிப் படகுக் கடவுக்குப் பக்கத்துப் பட்டறையில் வெல்டர். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானாகப் படகேறி எர்ணாகுளம் வந்து உங்கள் ஆபீசைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வந்த காரணம் அந்த நோட்டீஸ். படகு வெடித்து ஒன்பது நாள் பொறுத்துப் பார்த்தேன். பத்தாம் நாள் படகு முதலாளி கடவில் ஒட்டியிருக்கிறார்: 'உப்புக் காற்றில் துருப்பிடித்துக் காற்று டிரம் வெடித்தது. நாலு பேர் காலமானார்கள். வருந்துகிறோம்.' துருவாம். பதினோரு மாத டிரம்மில் துருவாம். இவ்வளவு நடந்த பிறகும் புரியவில்லை என்றால் இவர்களுக்கு வேறு எதைச் செய்து புரியவைப்பது? நீங்கள் விசாரணை அதிகாரி, நம் பாஷை தெரிந்தவர், பாலக்காட்டு லக்ஷ்மிநாராயணன் சார் என்றால் நேர்மைக்காரர் என்று சொன்னார்கள். உங்கள் காகிதத்திலாவது சரியான காரணம் ஏற வேண்டும்.

வெல்டிங் தெரியாது என்றீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். மெஷினிலிருந்து இரண்டு கேபிள் வரும். ஒன்றின் நுனியில், உருகி ஒட்டுகிற ராடைப் பிடிக்கிற ஹோல்டர். இன்னொன்றின் நுனியில் தகட்டைக் கவ்விக்கொள்கிற எர்த். மெஷினில் ஒரு முனை பிளஸ், மற்றது மைனஸ். எங்கள் பட்டறை ராடுக்கு, ஹோல்டர் பிளஸ்ஸில் இருந்தால் தீ தகட்டைக் குடைந்துகொண்டு உள்ளே இறங்கும். இரண்டு தகடும் அடிவரை உருகி ஒரே உடம்பாகும். மேலே பார்த்தால் சொரசொரப்பு, சுற்றிலும் பொறி தெறித்த தழும்பு. ஹோல்டரை மைனஸில் மாட்டினால் ராடு மளமளவென்று உருகும், ஆனால் தீ உள்ளே போகாது. உருகியது தோசை மேல் விட்ட நெய் மாதிரி மேலாகப் பரவி நிற்கும். பார்க்க லட்சணமாக இருக்கும். மெல்லிய தகரத்துக்கு அதுதான் சரி, ஓட்டை விழாது. கனத்த தகட்டுக்கு அது வெறும் பூச்சு. ஏன் அப்படி என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. வெல்டை ரம்பத்தால் அறுத்து உள்ளே பார்த்திருக்கிறேன், அதனால் தெரியும்.

எங்கள் மெஷின் பழசு. பிளஸ் மைனஸ் என்று பொறித்திருந்ததெல்லாம் தேய்ந்துபோய்விட்டது. போதாக்குறைக்கு அதற்குள் மின்சாரம் உண்டாக்குகிற டைனமோ சில நாள் தானாகவே தலைகீழாகிவிடும். நேற்று பிளஸ்ஸாக இருந்த முனை இன்றைக்கு மைனஸ். அதனால் தினமும் காலையில் ஒரு கிளாஸ் தண்ணீரில் உப்புப் போட்டு, இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு வயரை முக்கிப் பார்ப்பேன். எந்த வயரில் குமிழி பொங்குகிறதோ அது மைனஸ். இரண்டு நிமிஷ வேலை. பதினாலு வருஷத்தில் என்னைத் தவிர அந்தக் கிளாஸை யாரும் தொட்டதில்லை. "ஆறுச்சாமி சந்தியாவந்தனம் பண்றான்" என்று சிரிப்பார் மேனேஜர்.

மேனேஜர் வாஞ்சிநாதன் சாருக்குக் கண் மட்டும்தான் உண்டு. அழகர் என்று இன்னொரு வெல்டர், எனக்கு நாலு வருஷம் பின்னால் சேர்ந்தவன். எங்கள் தெருக்காரன்தான். கிராதியும் கேட்டும் தகரத் தொட்டியுமே போட்டுப் பழகிய கை. ஹோல்டரை மைனஸில் மாட்டித்தான் ஓட்டுவான். கனத்த தகடு வந்தாலும் அதேதான். அது தப்பு என்று கரடியாகக் கத்தியிருக்கிறேன்.

"ரெண்டு கேபிளும் ஒரே மெஷின்லேருந்துதானேண்ணே வருது. எதுல மாட்டுனா என்ன, பத்திக்குதில்ல," என்பான். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டான், பீடியைக் காதில் செருகிக்கொண்டு சிரித்துக்கொண்டே சொல்வான். சிரிக்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஒருநாள் இரண்டு ஜோடி கனத் தகடு எடுத்தேன். ஒன்றைப் பிளஸ்ஸில் ஒட்டினேன், ஒன்றை மைனஸில் ஒட்டினேன். இரண்டையும் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தைப் பளபளவென்று தேய்த்து மேனேஜர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். பிளஸ் துண்டில் உள்ளே ஒரே இரும்பு. மைனஸ் துண்டில் நடுவே தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு, தகடும் தகடும் சேராத இடம். குருடனுக்கும் தெரியும். அவர் அறுத்த முகத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி மேல்பக்கத்தைப் பார்த்தார்.

"எடா ஆறுச்சாமி, இந்த ரெண்டாவதுதான் நன்னாயிருக்கு. முத்துக் கோத்தாப்போல இருக்கு பாரு. கஸ்டமர் இதைத்தானே பாக்கறான். உன் பிளஸ்ஸும் மைனஸும் நீயே வெச்சுக்கோ, கேட்டியோ," என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்த மைனஸ் துண்டு அவர் மேஜையில் காகிதம் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. செவிடன் காதில் சங்கு ஊதினால் செவிடனுக்கு நஷ்டமில்லை சார், ஊதினவன் நுரையீரல்தான் நோகும்.

போன வருஷம் அந்தப் படகு டிரம் வந்தது. பெரிய டீசல் என்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்ப முடியாது. டிரம்மில் காற்றை அழுத்தி அடைத்து வைத்து, அதைத் திறந்துவிட்டுத்தான் என்ஜினை உதைத்துக் கிளப்புவார்கள். அரை அங்குலத் தகட்டை உருட்டிய உருளை, இரண்டு பக்கமும் இரண்டு மூடி. ஒரு மூடியில் வால்வு மாட்ட ஒரு பெரிய துளை. இன்னொன்று துளையில்லாத மொட்டை மூடி. பட்டறைக்கு வந்த முதல் காற்று டிரம் அதுதான். நன்றாக வந்தால் தொடர்ந்து வரும், போடுகிறவன் ஹெட் வெல்டர். முழுசையும் அழகரிடம் கொடுத்தார் மேனேஜர். நான் போய் நின்றேன். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கெஞ்சினேன்.

"சரி, மொட்டை மூடியை நீ போடு. அது சுவத்துப் பக்கம் திரும்பி இருக்கும், பார்வைக்கு வராது," என்றார்.

பார்வைக்கு வராதாம்.

இங்கேதான் நீங்கள் கவனமாக எழுத வேண்டும். அன்று சாயங்காலம் அழகர் என்னிடம் வந்தான். "அண்ணே, இது காத்து டிரம்மு, வெளையாட்டு இல்லேன்னு எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீங்க சொல்ற மாதிரியே பிளஸ்ஸுல போடறேன். காலைல நீங்களே பாத்து மாட்டிக் குடுத்துருங்க," என்றான். நான் ஆயிரம் தடவை சொன்னதற்கு ஒருவழியாகத் தலையாட்டினான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். ராத்திரி முழுக்க யோசித்தேன். அவன் பிளஸ்ஸில் போட்டால் டிரம் இருபது வருஷம் அசையாமல் கிடக்கும். ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காவிட்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? அழகர் ஹெட் வெல்டர் ஆவான், மேனேஜர் மேஜையில் அந்தத் துண்டு அப்படியே இருக்கும், நான் சொன்னது சரி என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் இருக்காது. சரியாகச் செய்த வெல்டு வாய் திறந்து பேசாது சார். தப்பாகச் செய்த வெல்டுதான் பேசும்.

காலையில் ஷெட்டுக்குள் உப்புத்தண்ணீர் வைத்துப் பார்த்தேன். பிளஸ் எது, மைனஸ் எது என்று தெளிவாகத் தெரிந்தது. ஹோல்டர் கேபிளை மைனஸில் முறுக்கினேன், எர்த் கேபிளைப் பிளஸ்ஸில் முறுக்கினேன். மெஷின் ஷெட்டுக்குள், வேலை வெளியே முற்றத்தில். இரண்டு கேபிளும் முப்பது முப்பத்தைந்து அடி, இரண்டும் கறுப்பு, ஜன்னல் வழியாக வெளியே போகும். வெளியே வந்து, "பிளஸ்ஸுல இருக்கு, போடு," என்றேன். "நன்றிண்ணே," என்றான். நான் செய்தது அவ்வளவுதான். இரண்டு நட்டு.

முற்பகல் முழுக்க அவன் துளை மூடியைப் போட்டான். நான் அந்தப் பக்கம் போகவில்லை. பட்டறைக்குப் பின்னால் ஒரு நங்கூரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் எல்லோரும் கப்பைக்கிழங்கும் மீனும் தின்னப் போனபோது ஷெட்டுக்குள் போய் இரண்டு நட்டையும் கழற்றி கேபிளை மாற்றி மாட்டினேன். இப்போது ஹோல்டர் பிளஸ்ஸில். திரும்ப உப்புத்தண்ணீர் வைக்கவில்லை. நானே செய்ததை நானே சோதிக்க வேண்டுமா? பிறகு என் மொட்டை மூடியைப் போட்டேன்.

அன்றைக்கு என் கை ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷப் புழுக்கம் மனதைவிட்டு இறங்கிவிட்டது, அதனாலாக இருக்கலாம். ராடு வெண்ணெயாக இறங்கியது. பொறி அதிகம் தெறிக்கவில்லை. கசடைத் தட்டினால் வரி வரியாக அத்தனை அழகு. மேனேஜர் வந்து குனிந்து பார்த்து, "ஏய், உனக்கும் வந்துடுத்தே. இதைப் போயா சுவத்துப் பக்கம் வெக்கறது," என்றார். பதினாலு வருஷத்தில் அந்த மனுஷர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை. பொய் சொல்ல மாட்டேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி அழுத்திச் சோதித்தோம். ஒரு சொட்டுக் கசியவில்லை. அது எனக்கு முன்பே தெரியும். மேல்பூச்சு ஒருநாள் சோதனைக்குத் தாங்கும். தினமும் நிரப்பி, தினமும் காலி செய்து, தகடு மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கினால்தான் அந்தக் கறுப்புக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். ஆறு மாதம் என்று கணக்குப் போட்டேன். பதினொன்று ஆனது.

படகில் டிரம்மைப் பின்பக்கம், பெண்கள் உட்காரும் பலகைக்குக் கீழே வைத்தார்கள். அந்த இடத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் காலையில் வேலை இல்லாவிட்டாலும் எர்ணாகுளம் போய் அடுத்த படகில் திரும்பினேன், அது எப்படி இருக்கிறது என்று பார்க்க. நான் எப்போதும் முன்பக்கம் நிற்பேன். என் வீட்டுக்காரி காளியம்மையை மட்டும் எர்ணாகுளத்துக்குப் பஸ்ஸில் போகச் சொன்னேன். "படகு பக்கமில்ல, சீக்கிரம் போயிரலாமே," என்றாள். படகில் உனக்குத் தலைசுற்றும் என்றேன். அவளுக்கு ஒருநாளும் தலைசுற்றியதில்லை.

அழகர் சம்சாரம் சரோஜம்மாவுக்கு எர்ணாகுளத்தில் பெருக்கிக் கூட்டுகிற தூப்பு வேலை. தினமும் அதே படகு, அதே பலகை. காளியம்மை காய்ச்சலில் கிடந்தபோது பத்து நாள் எங்கள் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்த மனுஷி அவள். எனக்கு அவள்மேல் துளி வருத்தம் கிடையாது, அதையும் எழுதுங்கள். என்னைப் பார்த்தால் நகர்ந்து உட்கார்ந்து, "அண்ணே, இங்க எடம் இருக்கு, வந்து இருங்க," என்பாள். காற்று வேண்டும் என்று சொல்லி முன்னால் போய்விடுவேன்.

வெடிப்பதற்கு மூன்று நாள் முன்னால் அவளே என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, நீங்க இந்த ஜோலி தெரிஞ்சவங்க. பலகைக்கு அடியில ஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்குது. நேத்து இல்ல. என்னன்னு பாருங்களேன்," என்றாள். குனிந்து காது கொடுத்தேன். மெல்லிய சத்தம், கொசு அளவு. மூடி வாய் திறக்கத் தொடங்கிவிட்டது என்று புரிந்தது. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக என் உடம்பு லேசானது. "காத்து டிரம்முன்னா அப்படித்தான் இருக்கும்மா, பயப்படாதே," என்றேன். "அண்ணன் சொன்னா சரிதான்," என்று திரும்ப அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். நான் சொன்னதை உடனே கேட்ட ஆள் என் வாழ்க்கையில் அவள் ஒருத்திதான்.

வியாழக்கிழமை காலை, படகு கடவை விட்டு அவிழ்ந்த நேரம். நான் கரையில் நின்றுகொண்டிருந்தேன். சத்தம் கேட்டு எல்லோரும் ஆட்களைத் தூக்க ஓடினார்கள். நான் மூடியைத் தேடி ஓடினேன். மூடி காயலில் விழுந்துவிட்டது என்றார்கள். மிச்ச டிரம்மைப் போலீஸ் சாக்குப் போட்டு மூடிவிட்டது. சரோஜம்மா, என்ஜின் டிரைவர், மீன்காரி விசாலாக்ஷி, இன்னொருவர் பெயர் எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் அழகர் வீட்டுக்குப் போனேன். என் காலைக் கட்டிக்கொண்டான். "என் கை வெல்டுதான் விட்டுருச்சாண்ணே, நானே அவளைக் கொன்னுட்டனாண்ணே," என்று அழுதான். காலை விடுவித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இனி மேனேஜர் வந்து கேட்பார், ஆறுச்சாமி, நீ சொன்னது என்னடா, அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு வா என்பார் என்று ஒன்பது நாள் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. பத்தாம் நாள், துரு.

எழுதிக்கொள்ளுங்கள். கேபிளை மாற்றி மாட்டியது நான். தெரிந்துதான் மாட்டினேன். நாலு பேரையும் நான்தான் கொன்றேன். காரணம் துரு இல்லை, ஹோல்டர் மைனஸில் இருந்தது. இந்தக் கடைசி வரியை அடிக்கோடு போட்டு எழுதினால் உபகாரமாக இருக்கும்.

எதற்கு சார் பியூனைக் கூப்பிடுகிறீர்கள்? இதுதான் அந்த மூடியா? முங்கி எடுத்துவிட்டார்களா? நல்லது. நல்லது. இதைப் பார்க்கத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன். விளிம்பைப் பாருங்கள், உள்ளே இரும்பு சேரவே இல்லை, அந்தக் கோடு சுற்றிலும் ஓடுகிறது. நான் சொன்னேன் அல்லவா?

துளை எங்கே என்று கேட்கிறீர்கள்.

அழகரின் வாக்குமூலத்தை எதற்கு இப்போது படிக்கிறீர்கள்? படியுங்கள், கேட்கிறேன். 'அன்னிக்கு அண்ணன் மாட்டிக் குடுத்தாங்க. இத்தன நாள் திட்டு வாங்குனோம், ஒருக்கா நாமளே செஞ்சு பாப்போம்னு கிளாஸ்ல உப்பு போட்டு வயர முக்குனேன். ஹோல்டர் பக்கத்து வயர்லதான் குமிழி பொங்குச்சு. அண்ணன் மறதியா மாட்டிட்டாங்கன்னு தெரிஞ்சது. மேனேஜர் காதுல விழுந்தா அவங்களுக்கு மானக்கேடு. அதனால ஷெட்டுக்குள்ள போயி மெஷின்ல கை வெக்காம, முற்றத்துலயே ஹோல்டரயும் எர்த்தயும் கழட்டி மாத்திப் போட்டுக்கிட்டேன். வெல்டு மேடும் பள்ளமுமா வந்துச்சு, மேனேஜர் ஏசினார். நான் யார்கிட்டயும் சொல்லல.'

விளக்க வேண்டாம் சார், எனக்குப் புரிகிறது. காலையில் அவன் முற்றத்தில் மாற்றினான், மத்தியானம் நான் மெஷினில் மாற்றினேன், அதனால் அவன் மூடி பிளஸ்ஸில், என் மூடி மைனஸில். இதைத்தானே சொல்ல வருகிறீர்கள்? அழகர் எந்தக் காலத்தில் உப்புத்தண்ணீர் வைத்தான்? பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், புத்தி பேதலித்து எதையோ உளறியிருக்கிறான். கப்பல் வேலையையும் சேர்த்துப் பதினெட்டு வருஷம் ராடு பிடித்த கை இது. மைனஸில் ஓடினால் எனக்குத் தெரியாமல் போகுமா?

பத்து நாள் காயல் சேற்றில் கிடந்த மூடி சார் இது. துளைக்குள் சேறு இறுகி, மேலே துருவும் ஏறி அடைத்துக்கொண்டிருக்கும். பியூனிடம் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு கம்பி பிரஷ்ஷும் கொண்டுவரச் சொல்லுங்கள், நானே தேய்த்துக் காட்டுகிறேன். துளை தெரிந்ததும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.